பனிக்கரடியை விடுங்கள், கண்மாயைப் பாருங்கள்: கோடைப் படிப்புக்கு வெளிநாடு போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஆண்டுதோறும் பொங்கல் முடிந்ததும் என் மேசைக்குச் சில விண்ணப்பக் கடிதங்கள் வந்துவிடும். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் ஜூலை, ஆகஸ்டில் நடத்தும் இரண்டு மூன்று வாரக் கோடைப் பள்ளிகளில் பருவநிலை மாற்றம் பற்றிப் படிக்க விரும்பும் மதுரைப் பக்கத்து இளங்கலை மாணவர்கள் எழுதியவை. திருத்தித் தரச் சொல்வார்கள். பாதிக்கு மேல் பனிக்கரடியில்தான் தொடங்கும்.

பனிக்கரடி மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அப்படி எழுதியவர்களில் ஒருவர் மேலூர்க்காரர். அவர் வீட்டு வயலில் பாய்வது அரபிக்கடலுக்குப் போக வேண்டிய பெரியாற்றுத் தண்ணீர். 1895-இல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய பிறகுதான் அது வைகைப் பக்கம் வந்தது. தேக்கடியில் மழை பொய்த்தால் மேலூரில் நாற்று கருகும். தேர்வுக் குழுவில் இருப்பவர் பனிக்கரடியை எத்தனையோ முறை படித்திருப்பார். கண்மாய் மடையைப் பற்றி ஒருமுறைகூடப் படித்திருக்க மாட்டார்.

நான் பார்த்ததிலேயே பெரிய தவறு இதுதான்: சொந்த ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாமல் வெறுங்கையோடு போவது. அந்த மாணவர் எப்படியோ தேர்வாகி நெதர்லாந்து போனார். அங்கே வெள்ளத்தடுப்பையும் நீர்மட்டத்தையும் கவனிக்கும் நீர் வாரியங்களைப் பற்றி ஒரு வகுப்பு. 13-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய அமைப்பு. இன்று 21 வாரியங்கள். உறுப்பினர்களில் பெரும்பாலோரை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள், தனி வரியும் உண்டு. விளக்கி முடித்த பேராசிரியர் இவர் பக்கம் திரும்பி, "உங்கள் ஊர் ஏரியில் மதகைத் திறப்பது யார் முடிவு?" என்று கேட்டிருக்கிறார். இவருக்குத் தெரியவில்லை. அன்று மாலை ஏழு மணிக்கு, இங்கே இரவு பத்தரைக்கு, அப்பத்தாவைத் தொலைபேசியில் எழுப்பினார். மடையைத் திறந்து வயல்களுக்குத் தண்ணீர் விட நீர்பாய்ச்சி என்று ஒருவர் இருந்ததையும், அறுவடைக் களத்தில் அவருக்கு நெல் அளந்து கொடுத்ததையும் அப்பத்தா சொல்லச் சொல்ல, வகுப்பேட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். மறுநாள் அதைத்தான் பேசினார். அந்தப் பக்கத்தை இங்கேயே எழுதியிருந்தால், அதோடு ஒரு வரைபடமும் கொண்டுபோயிருக்கலாம்.

நகரத்துப் பிள்ளைகளுக்கும் சொல்லப் பொருள் இல்லாமல் இல்லை. மதுரையில் பிறந்த அரவிந்த் கண் மருத்துவமனைக் குழுமத்தில் ஒரு கண்புரை அறுவைச் சிகிச்சைக்கு வெளியாகும் கரியமில வாயு, பிரிட்டனில் அதே சிகிச்சைக்கு வெளியாவதில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான் என்று 2017-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அரிட்டாபட்டி 2022-இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. வைகை அணையில் தண்ணீர் ஆவியாவதைத் தடுக்க 2017-இல் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டதைக்கூடச் சிரித்துக் கடந்துவிட வேண்டாம். ஓர் அணையில் நாளொன்றுக்கு எவ்வளவு ஆவியாகிறது, அதை எப்படி அளப்பது என்று கேட்டால் அதுவே நல்ல ஆய்வுக் கேள்வி.

அடுத்தது நாட்காட்டி. அங்கே கோடை என்றால் ஜூலை, ஆகஸ்ட். நமக்கு ஜூனிலேயே கல்லூரி திறந்துவிடும். மூன்று வாரம் வகுப்புக்குப் போகாவிட்டால் 75 சதவீத வருகைப்பதிவு ஆட்டம் காணும், உள்மதிப்பீட்டுத் தேர்வும் தவறும். இடம் கிடைத்த பிறகு துறைத்தலைவரிடம் போய் நிற்காமல், விண்ணப்பிக்கும் முன்பே பாடத்திட்டத்தோடு போய்ப் பேசுங்கள். அங்கே தரும் கிரெடிட்டை நம் கல்லூரி ஏற்குமா என்பதையும் அப்போதே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஐரோப்பியக் கணக்கில் ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. அது நம் பட்டியலில் தானாக ஏறிவிடாது.

விசாவில் சறுக்குகிறவர்கள் பலர், அதுவும் நம் இனிஷியலால். சான்றிதழில் ஒரே எழுத்தாக நிற்கும் அப்பா பெயர் பாஸ்போர்ட்டில் விரிந்திருக்கும், அல்லது குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். விண்ணப்பம், டிக்கெட், காப்பீடு எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் இருக்க வேண்டும். ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவுக்குப் பொதுவாக 15 நாள், சில நேரம் 45 நாள்கூட ஆகும். கைரேகை கொடுக்கப் பெரும்பாலும் சென்னைக்குப் போக வேண்டியிருக்கும். பாண்டியன் எக்ஸ்பிரஸில் படுக்கை கிடைத்துவிடும், மே மாதத்தில் அங்கே நேர ஒதுக்கீடு கிடைப்பதுதான் கடினம். சுற்றுலா போகிறவர்கள் எல்லோரும் அப்போதுதான் வரிசையில் நிற்பார்கள். காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்.

பணத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. மாமாவிடம் மூன்று லட்சம் வாங்கி, விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் அப்பாவின் கணக்கில் போடாதீர்கள். பல மாதக் கணக்கு விவரத்தைப் புரட்டுகிறவருக்கு அந்த ஒரு வரிதான் முதலில் கண்ணில் படும். உண்மையிலேயே மாமா செலவு செய்கிறார் என்றால், அதை அவர் கையெழுத்தோடும் அவருடைய கணக்கு விவரத்தோடும் காட்டினால் போதும். கட்டணம் கட்டும் முன், விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்பி வரும் என்ற பத்தியையும் படியுங்கள். முகவர் சொல்வதை நம்ப வேண்டாம். பல்கலைக்கழகத்தின் சொந்த விதியைப் பாருங்கள்.

மதுரையிலிருந்து ஐரோப்பாவுக்கு நேரடி விமானம் கிடையாது. விலை குறைவு என்று இரண்டு நிறுவனங்களில் தனித்தனி டிக்கெட் எடுத்தால், முதல் விமானம் தாமதமாகும்போது இரண்டாவது உங்களுக்காகக் காத்திருக்காது. அந்தப் பணமும் போனதுதான். ஒரே டிக்கெட்டாக எடுங்கள்.

எல்லோரும் குளிர்ச்சட்டையைப் பற்றித்தான் என்னிடம் கேட்கிறார்கள். ஜூலைக்கு மெல்லியது ஒன்று போதும். மழைச்சட்டையை மறக்க வேண்டாம்.