பிசியோதெரபியில் போனும் ஆப்பும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிசியோதெரபி ஓ.பி.யில் நிற்கும் மாணவர்களிடம் மூட்டின் கோணத்தை அளக்கும் கோனியோமீட்டரைக் கேட்டால் பாதிப் பேர் தேடுவார்கள். போன் எல்லார் பையிலும் இருக்கும். மூட்டின் கோணம் அளப்பது, நடையைப் படம் பிடிப்பது, வீட்டுப் பயிற்சி அனுப்புவது, பாடம் படிப்பது, ஆய்வுக் கட்டுரை தேடுவது எல்லாம் இப்போது அதில்தான். இதில் தப்பு ஒன்றுமில்லை, சரியாகச் செய்தால் நோயாளிக்கு நல்லதுதான். ஆனால் நான் பார்த்தவரை, இதில் நடக்கும் தவறுகளில் பல தொழில்நுட்பம் தெரியாததால் வருபவை அல்ல. இந்த நோயாளியிடம் எனக்கு என்ன தெரிய வேண்டும் என்று யோசிப்பதற்கு முன்பே போனைக் கையில் எடுத்துவிடுகிறோம். பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

கோணம் அளப்பதில்

போனில் கோணம் காட்டும் ஆப்கள் பெரும்பாலும் புவியீர்ப்பை வைத்துத்தான் கணக்கிடுகின்றன. போன் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது மட்டுமே அவற்றுக்குத் தெரியும். குப்புறப் படுத்து முழங்காலை மடக்கச் சொல்லி, கணுக்காலுக்குச் சற்று மேலே போனை வைத்தால் கிடைக்கும் எண்ணை நம்பலாம், ஏனென்றால் தொடை படுக்கையோடு ஒட்டி அசையாமல் இருக்கிறது. அதே நோயாளி மல்லாந்து படுத்து, குதிகாலைப் படுக்கையில் இழுத்து மடக்கும்போது தொடையும் சேர்ந்து மேலே எழுகிறது. அப்போது கெண்டைக்காலின் சாய்வை மட்டும் பார்த்து அதுதான் முழங்கால் மடங்கும் கோணம் என்று எழுதினால் கணக்கு தப்பு. தொடையின் சாய்வையும் தனியே அளந்து கூட்ட வேண்டும். மூட்டு மாற்று அறுவை முடிந்து சில நாட்களே ஆன நோயாளியிடம் இந்தத் தவறு நடந்தால், நன்றாக மடக்குகிற காலையும் மடங்காத கால் என்று குறித்துவிடுவோம்.

கழுத்தைத் திருப்பும் அளவில் இன்னொரு சிக்கல். நோயாளி உட்கார்ந்தபடி தலையை வலமும் இடமும் திருப்பும்போது போன் சாய்வதில்லை, கிடைமட்டமாகச் சுழல்கிறது. புவியீர்ப்பை நம்பும் ஆப்புக்கு அது புரியாது. திசைகாட்டி முறையில் வேலை செய்யும் ஆப் இதை அளக்கும், ஆனால் பக்கத்தில் இரும்புக் கட்டிலோ சக்கர நாற்காலியோ இருந்தால் முள் தடுமாறும். வழி எளிது. நோயாளியை மல்லாக்கப் படுக்க வைத்து, நெற்றியில் போனை வைத்து அளக்கலாம், அப்போது தலை திரும்பத் திரும்ப போனும் சாயும். இல்லையென்றால் கோனியோமீட்டரையே எடுக்கலாம். கையை விலாவோடு ஒட்டி வைத்து முன்கையை வெளிப்பக்கம் திருப்பும் தோள் அசைவுக்கும் இதே விதிதான்.

அப்புறம் அந்தத் தசம எண். ஆப் 72.4 என்று காட்டியவுடன் கேஸ் ஷீட்டில் 72.4 என்று எழுதும் வழக்கம் பரவிவிட்டது. கையால் அளக்கும் எந்த அளவிலும் ஏறக்குறைய 5 டிகிரி முன்னே பின்னே இருக்கும் என்றுதான் நம் தொழிலில் பொதுவாக எடுத்துக்கொள்கிறோம். போன வாரம் 88, இந்த வாரம் 91 என்றால் அதை முன்னேற்றம் என்று நோயாளியிடம் சொல்லக் கூடாது. போன வாரம் ஒருவர் கோனியோமீட்டரில் அளந்தது, இந்த வாரம் இன்னொருவர் ஆப்பில் அளந்தது என்றால் ஒப்பிடவே வழியில்லை. எந்தக் கருவி, எந்தப் படுக்கை நிலை, போனை எங்கே வைத்தோம், நோயாளி தானாக அசைத்தாரா நாம் அசைத்தோமா என்று ஒரு வரி எழுத அரை நிமிடம் போதும்.

நடையைப் படம் பிடிப்பதில்

பக்கவாட்டில் எடுக்க வேண்டிய வீடியோவைச் சற்றுக் கோணலாக நின்று எடுத்தால், முழங்கால் மடங்கும் அளவு தப்பாகத் தெரியும். பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தாலும் அப்படித்தான். போனைக் கையில் பிடிக்காமல் ஸ்டாண்டில், இடுப்பு உயரத்தில், நடக்கும் பாதைக்குச் செங்குத்தாக வைக்க வேண்டும். அடுத்த முறையும் அதே தூரம், அதே உயரம். தரையில் ஒட்டிய ஒரு டேப் துண்டு இதற்குப் போதும். சேலை, வேட்டி, நைட்டியில் முழங்கால் தெரியாது. அதனால் மாற்றுடையும், மாற்றிக்கொள்ள மறைவிடமும் முதலில் ஏற்பாடு செய்யுங்கள்.

ஓடுபவரை எடுப்பதாக இருந்தால் வேகத்தையும் பார்க்க வேண்டும். சாதாரண வீடியோவில் நொடிக்கு 30 படங்கள். ஓடும்போது பாதம் தரையில் இருப்பதே கால் நொடிக்குள்தான் என்பதால் மொத்தம் ஏழெட்டுப் படங்கள் கிடைக்கும். குதிகால் முதலில் பட்டதா முன்பாதம் பட்டதா என்பதை அதில் அடித்துச் சொல்ல முடியாது. ஸ்லோ மோஷனில் 120 அல்லது 240-ல் எடுத்தால் தெளிவாகத் தெரியும்.

உடல் நிலையை ஒரு போட்டோவிலிருந்து கணக்கிட்டுச் சிவப்புக் கோடுகளோடு அறிக்கை தரும் ஆப்கள் எனக்குக் கவலை தருகின்றன. ஒரு தோள் சற்றுத் தாழ்ந்திருப்பது வலியில்லாத எத்தனையோ பேரிடமும் இருப்பதுதான். சிவப்புக் கோடு போட்ட தாளைப் பார்த்த நோயாளி தன் முதுகு கோணிப்போய்விட்டது என்று நம்பிக் குனியவே பயப்படுவார். அந்தப் பயமே வலியை நீட்டிக்கும். நோயாளியின் கையில் அந்தத் தாளைத் தராதீர்கள்.

கைக்கடிகாரம் சொல்லும் எண்

வாக்கர் பிடித்து நடப்பவரின் கை வீசுவதில்லை. மணிக்கட்டில் கட்டிய கடிகாரம் கை வீச்சை வைத்துத்தான் காலடியை எண்ணுகிறது, அதனால் மெதுவாக நடப்பவரின் நடை அதில் பாதிகூடப் பதியாமல் போகலாம். அவரோ உண்மையில் கஷ்டப்பட்டு நடந்திருப்பார், நாம் எண்ணைப் பார்த்து நடக்கவில்லை என்று கடிந்துகொள்வோம். அப்படிப்பட்டவருக்குக் கணுக்காலில் கட்டிப் பார்க்கலாம், அல்லது எத்தனை நிமிடம் நடந்தார் என்று வீட்டாரைக் குறிக்கச் சொல்லலாம். இதயத் துடிப்புக்கும் எச்சரிக்கை தேவை. இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவருக்கு உழைப்புக்கு ஏற்றபடி துடிப்பு ஏறாது. வயதை மட்டும் வைத்துக் கடிகாரம் போடும் துடிப்பு இலக்கு அவருக்குப் பொருந்தாது. எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று கேட்டு, அந்தச் சிரமத்துக்கு எண் தரும் போர்க் (Borg) அளவுகோலில் குறிப்பதே பாதுகாப்பு.

வீடியோ காலில் சிகிச்சை

2020 மார்ச் 25 அன்று மத்திய அரசு வெளியிட்ட தொலைமருத்துவ வழிகாட்டுதல் பதிவு பெற்ற மருத்துவர்களுக்கானது. அதைத் தங்களுக்கும் தந்த அனுமதி என்று எண்ணிக்கொண்ட பிசியோதெரபிஸ்ட்டுகள் உண்டு. ஆனாலும் அதில் சொல்லியிருக்கும் அடையாளம் சரிபார்த்தல், ஒப்புதல், பதிவு வைத்தல் மூன்றும் நாமும் கடைப்பிடிக்க வேண்டியவை.

வீடியோவில் தசையின் பலத்தை எதிர்த்து அழுத்திப் பார்க்க முடியாது, அனிச்சைச் செயல்களைத் தட்டிப் பார்க்க முடியாது, மூட்டின் கடைசி எல்லையில் கைக்குத் தட்டுப்படும் இறுக்கத்தை உணர முடியாது. அதனால் கேள்விகள் இன்னும் கூர்மையாக இருக்க வேண்டும். இடுப்பு வலி என்று அழைப்பவரிடம், சிறுநீர் கழிப்பதில் மாற்றம் உண்டா, இரு தொடைகளுக்கு இடையே மரத்துப்போயிருக்கிறதா என்று கேட்காமல் பயிற்சி சொல்லிக்கொடுப்பது ஆபத்து. ஆம் என்றால் அன்றே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். அறுவைக்குப் பின் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலும் அப்படியே.

வீடியோ கால் தொடங்கியதும் நோயாளி இப்போது இருக்கும் முகவரியையும் பக்கத்தில் யார் இருக்கிறார் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர் விழுந்துவிட்டால் 108-க்குச் சொல்ல முகவரி வேண்டுமே. பக்கவாதம் வந்தவரைப் பக்கத்தில் ஆள் இல்லாமல் எழுந்து நிற்கச் சொல்லாதீர்கள்.

வாட்ஸ்அப்பில் பயிற்சி அனுப்புவதில்

யாரோ எடுத்த பத்து யூடியூப் இணைப்புகளை ஒரே நாளில் அனுப்பிவிட்டு, அடுத்த வாரம் நோயாளி செய்யவில்லை என்று வருத்தப்படுகிறோம். வீடியோவில் வருபவருக்கு இருபத்தைந்து வயது, தரையில் பாய் விரித்து உட்கார்கிறார். நம் நோயாளிக்கு அறுபத்தெட்டு, தரையில் உட்காரவே முடியாது. இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. நோயாளி நம் எதிரில் சரியாகச் செய்யும்போது, அவருடைய போனிலேயே எடுத்துக் கொடுத்துவிடுங்கள். அவருடைய உடல், அவருடைய வரம்பு, பின்னணியில் நம் குரல். படம் அவரிடமே இருப்பதால் அந்தரங்கக் கவலையும் குறைவு. ஒரு தடவைக்கு இரண்டு மூன்று பயிற்சிகள் போதும். செல்ஃபி கேமராவில் நீங்களே செய்து காட்டினால் சில போன்களில் வலது இடதாகப் பதிவாகும். எந்தக் கால் என்பதை வாயால் சொல்லிவிடுங்கள்.

போன் யாருடையது என்று கேட்பதையும் நாம் மறந்துவிடுகிறோம். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட்டுகள் வீட்டுக்கே போகிறார்கள். அப்படிப் போகும் பல வீடுகளில் ஸ்மார்ட்போன் மகனோடு வேலைக்குப் போய்விடும், பாட்டியிடம் இருப்பது பட்டன் போன். அவருக்கு ஒரு தாளில் வரைந்து சுவரில் ஒட்டுவதுதான் வேலைக்கு ஆகும்.

நோயாளியின் படம் நம் சொத்து அல்ல

இந்த விஷயத்தில் நாம் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும். கேஸ் பிரசன்டேஷனுக்காக எடுத்த வீடியோ மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகிறது, அங்கிருந்து முப்பது போன்களின் கேலரிக்கு, கேலரியிலிருந்து தானாகவே கூகுள் கணக்குக்கு. எடுத்தவர் நீக்கினாலும் அது அழிவதில்லை. கண்ணை மறைத்தால் போதும் என்பது தவறான நம்பிக்கை. பச்சை குத்தியது, தாலி, குரல், எக்ஸ்ரேயின் ஓரத்தில் இருக்கும் பெயரும் ஓ.பி. எண்ணும் போதும், ஆளை அடையாளம் காண.

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தை முதன்முதலில் நின்றதை இன்ஸ்டாகிராமில் போடும் மையங்கள் பெருகிவிட்டன. மகிழ்ச்சியில் செய்கிறார்கள் என்பது புரிகிறது. ஆனால் அந்தப் பிள்ளை பதினைந்து வயதில் தன் பெயரைத் தேடும்போது அது என்ன பார்க்கும்? 2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது. சிகிச்சைக்குப் பெற்றோர் தந்த சம்மதத்தை விளம்பரத்துக்குத் தந்த சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டுக்கும் தனித்தனியே, எழுத்தில், மறுத்தால் சிகிச்சை பாதிக்காது என்று சொல்லிக் கேட்க வேண்டும்.

கருவி வாங்கும்போது

உடல் அசைவைக் கண்டறியும் மைக்ரோசாஃப்டின் கினெக்ட் கேமரா 2010-ல் வந்தது. அதை நம்பி மறுவாழ்வுக்கான விளையாட்டுகள் பல உருவாயின. 2017-ல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். அதனால் எதை வாங்கினாலும், நிறுவனம் கைவிட்டால் என் நோயாளிகளின் பதிவுகளை வெளியே எடுக்க முடியுமா என்று விற்பவரிடம் கேளுங்கள். எலெக்ட்ரோதெரபி மெஷினில் முழங்கால் படம் போட்ட பட்டனை யோசிக்காமல் அழுத்துவதும் தவறுதான். அல்ட்ராசவுண்ட் சிகிச்சையில் 1 மெகாஹெர்ட்ஸ் ஆழத்துக்கு, 3 மெகாஹெர்ட்ஸ் மேல்மட்டத்துக்கு என்பது அந்தப் பட்டனுக்குத் தெரியும். காயம் எவ்வளவு ஆழத்தில் என்பது உங்களுக்குத்தான் தெரியும். 27.12 மெகாஹெர்ட்ஸில் ஓடி மின்காந்த அலையால் வெப்பம் தரும் ஷார்ட்வேவ் மெஷின் இருக்கும் அறைக்குள் போனும் ஸ்மார்ட் வாட்ச்சும் வேண்டாம். நோயாளியின் காது கேட்கும் கருவியையும் கழற்றி வெளியே வைக்கச் சொல்லுங்கள்.

மாணவர்களுக்கு

ஏஐ சாட்பாட்டிடம் கேட்டு எழுதிய புராஜெக்ட்டில் இல்லாத கட்டுரைகள் மேற்கோளாக வருகின்றன. ஆசிரியர் பெயர் உண்மை, இதழின் பெயர் உண்மை, கட்டுரை மட்டும் கிடையாது. தலைப்பை மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் போட்டுத் தேடி, திறந்து படித்த பிறகே சேருங்கள். நோயாளியின் விவரங்களை அதில் ஒட்டிக் கேட்கவே கூடாது. பிசியோதெரபிக்கென்றே 1999-ல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய, ஆய்வுகளைத் தேடித் தரும் பெட்ரோ (PEDro) தளம் இலவசம். அதில் ஆய்வுகளுக்கு 10-க்கு மதிப்பெண் உண்டு. சிகிச்சை தருபவருக்கே எது என்ன சிகிச்சை என்று தெரியாமல் வைப்பது நம் துறையில் பெரும்பாலும் முடியாத காரியம், அதனால் பத்துக்குப் பத்து எதிர்பார்க்காதீர்கள். இன்னொன்று, 8 வாங்கிய ஆய்வு ஒழுங்காக நடந்தது என்றுதான் பொருள். அந்தச் சிகிச்சை பலன் தந்தது என்று பொருளல்ல. முடிவுப் பகுதியைப் படித்தால்தான் அது தெரியும்.

உடற்கூறு ஆப்பில் தசையை ஒவ்வொரு அடுக்காக நீக்கிப் பார்ப்பது அருமையான வசதி. ஆனால் அதில் எல்லா உடலும் ஒரே உடல். தோளில் இருக்கும் சூப்ராஸ்பைனேட்டஸ் தசைநாணைத் திரையில் பார்த்த அன்றே, பக்கத்திலிருக்கும் நண்பரிடம் கையைப் பின்னால் முதுகுக்கு வைக்கச் சொல்லி, தோள்பட்டை எலும்பின் மேல்முனையான அக்ரோமியனின் முன் விளிம்புக்குக் கீழே விரலால் தேடுங்கள். ஒல்லியானவரிடம் ஒரு தடவை, பருமனானவரிடம் ஒரு தடவை.