புதிய ஸ்கேனர் யோசனைக்கு முதல் பணம் கேட்பது எப்படி?

மருத்துவப் படமெடுப்புக்கான மானிய விண்ணப்பங்களைப் படித்து மதிப்பெண் போடுவது என் வேலையில் ஒரு பகுதி. பெரும்பாலான விண்ணப்பங்கள் முதல் பக்கத்திலேயே சறுக்கிவிடுகின்றன. யோசனை பிறந்த மறுநாளே முழு ஸ்கேனருக்கும் பணம் கேட்கிறார்கள். அந்தக் கட்டத்தில் ஸ்கேனருக்கு யாரும் தர மாட்டார்கள். ஒரே ஒரு கேள்விக்கு விடை காணத்தான் தருவார்கள்.

எனவே, எந்தச் சோதனை தோற்றால் திட்டத்தையே கைவிடுவீர்களோ, அதை முதலில் எழுதுங்கள். லேசர் ஒளியைப் பாய்ச்சி, திசுவிலிருந்து எழும் ஒலியைக் கொண்டு படம் வரையும் ஒளி-ஒலி முறையை எடுத்துக்கொள்வோம். திசுவுக்குள் ஒளி சிதறிவிடும் என்பதால் ஆழம்தான் அதன் எதிரி. 'தோலுக்குப் பாதுகாப்பான லேசர் அளவைத் தாண்டாமல், 3 செ.மீ. ஆழத்திலுள்ள ரத்தக்குழாய் பின்னணி இரைச்சலைத் தாண்டித் தெரிகிறதா?' என்பது பணம் கேட்கத் தகுந்த கேள்வி. 'புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டறிவோம்' என்பது வெறும் ஆசை.

சி.டி. ஸ்கேனரும் இப்படிப் படிப்படியாகத்தான் வந்தது. அதை உருவாக்கிய பிரிட்டிஷ் பொறியாளர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் முதல் சோதனைக் கருவி ஒரு கடைசல் எந்திரத்தின் மேடையில் அமைந்தது. அதில் காமா கதிரை உமிழ்ந்த பொருள் பலவீனமானது என்பதால் ஒரு படத்துக்கான தரவைச் சேர்க்க 9 நாட்கள் பிடித்தன. எக்ஸ்ரே குழாயை மாட்டியதும் அது 9 மணி நேரமாகக் குறைந்தது. நோயாளியின் தலையைப் படமெடுத்தது 1971 அக்டோபரில்தான். ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கான செலவை நியாயப்படுத்தியது.

செலவுப் பட்டியலில் கருவி வாங்குவதைக் குறையுங்கள்; இருக்கும் ஆய்வகங்களில் நேரத்தை வாடகைக்கு எடுங்கள். ஃபேன்டம் எனப்படும் செயற்கை உடல்மாதிரிக்கும் புள்ளியியலாளருக்கும் பணம் ஒதுக்குங்கள். இந்த இரண்டையும் விட்டுவிடுகிறவர்களே அதிகம். (செயற்கை நுண்ணறிவுக்குத் தனிப் பத்தி எழுத மட்டும் யாரும் மறப்பதில்லை.)

கதிரியக்க மருத்துவர் ஒருவரைத் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். இன்றுள்ள அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ போதாமல் போவது எங்கே, உங்கள் படம் கிடைத்தால் தன் எந்த முடிவு மாறும் என்று அவர் சொல்ல வேண்டும். 'இத்திட்டத்தை மனமார ஆதரிக்கிறேன்' என்ற கடிதத்தை நான் புரட்டிவிட்டுப் போய்விடுவேன். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தருவார் என்று எழுதியிருந்தால் நின்று படிப்பேன்.

அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆர்21 போன்ற மானியங்கள் சோதித்துப் பார்க்கும் நிலைக்கென்றே உருவானவை. அவற்றுக்கு முன்தரவு, அதாவது ஏற்கெனவே செய்த சோதனைகளின் முடிவுகள், கட்டாயமில்லை. ஆனாலும் இரண்டு மங்கலான படங்களையாவது வைத்துவிடுங்கள். மதிப்பிடுகிறவர்களும் மனிதர்கள்தான்.

முதலீட்டாளரிடம் போவது அந்தக் கேள்விக்கு விடை கிடைத்த பிறகு இருக்கட்டும். அதற்கு முன் போனால், கொஞ்சப் பணத்துக்கு நிறுவனத்தின் பெரும் பங்கைக் கொடுக்க நேரும். மாநாட்டில் படத்தைக் காட்டுமுன் காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிடுங்கள். முன்கூட்டியே வெளியிட்டதற்கு ஐரோப்பாவில் பொதுவாகக் காப்புரிமை கிடைக்காது.

முழு விண்ணப்பத்தையும் எழுத உட்காருமுன், மானிய அமைப்பின் திட்ட அலுவலருக்கு ஒரு பக்கச் சுருக்கம் அனுப்புங்கள். 'இது எங்கள் பிரிவில் வராது' என்று அவர் பதில் எழுதினால், எந்தப் பிரிவில் வரும் என்று அவரிடமே கேளுங்கள், பெரும்பாலும் சொல்லிவிடுவார்.