மரபணு சொல்வதும் சொல்லாததும்: காட்டுயிர்ப் பாதுகாப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துக்கே உரிய கிரீன்பேக் கட்த்ரோட் டிரவுட் என்ற ஓடை மீன், 1930களில் அற்றுப்போய்விட்டதாகக் கருதப்பட்டது. 1950களில் சில மலையோடைகளில் அது மீண்டும் தென்பட்டதாக நம்பிய அரசுத் துறையினர், அங்கிருந்த மீன்களைப் பெருக்கிப் பல பத்தாண்டுகளாக ஓடை ஓடையாக விட்டு வந்தனர். 1994இல் அது மாநில மீனாகவும் அறிவிக்கப்பட்டது. 2007இல் வெளிவந்த டிஎன்ஏ ஆய்வு, அந்தப் பெயரில் காக்கப்பட்ட ஒன்பது மீன் கூட்டங்களைச் சோதித்து, அவற்றில் ஐந்து மலைத்தொடரின் மறுபக்கத்தைச் சேர்ந்த வேறொரு டிரவுட் என்று காட்டியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிடிக்கப்பட்டு அருங்காட்சியகங்களில் ஆல்கஹாலில் போட்டு வைக்கப்பட்டிருந்த மீன்களின் டிஎன்ஏவோடு 2012இல் மீண்டும் ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான், உண்மையான கிரீன்பேக் பேர் கிரீக் என்ற ஒரே ஓர் ஓடையில் மட்டும் எஞ்சியிருப்பது தெரிந்தது. அந்த ஓடையும் அதன் சொந்த ஆற்றுப்படுகையில் இல்லை. எப்போதோ மனிதர்கள் கொண்டுவந்து விட்ட இடம் அது.

இந்தக் கதையைக் கேட்பவர்கள் பொதுவாக, மரபணு ஆய்வு வந்து உண்மையைக் காட்டிவிட்டது என்று மகிழ்ந்து நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது ஒப்பிடுவதற்கு என்ன இருந்தது என்பதுதான். இன்றைய ஓடைகளில் உள்ள மீன்களை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிட்டிருந்தால், மீன்வளர்ப்பாளர்கள் கோடிக்கணக்கில் கலந்து விட்ட பிறகு உருவான நிலைமையையே இயற்கையான நிலைமை என்று எடுத்துக்கொண்டிருப்போம். கலப்புக்கு முந்தைய காலத்தின் மாதிரிகளைத் தேடாமல், இன்றைய மாதிரிகளை மட்டும் வைத்து எது தாயக இனம் என்று தீர்ப்பெழுதுவதுதான் முதலில் தவிர்க்க வேண்டிய தவறு.

சோதனையின் நுணுக்கம் போதாமல் போவதும் இதே வகையைச் சேர்ந்தது. ஆஸ்திரேலியாவின் தாயக நாய்களான டிங்கோக்களில் பெரும்பாலானவை வீட்டு நாய்களோடு கலந்துவிட்டன என்ற கருத்து, டிஎன்ஏவில் இருபத்து மூன்று குறியிடங்களை மட்டும் பார்க்கும் பழைய சோதனையின் மீது எழுந்தது. அவற்றை வெறும் காட்டு நாய்கள் என்று வகைப்படுத்திக் கொல்வதற்கும் அது வசதியாக இருந்தது. 2023இல் 1,95,000 இடங்களை ஆராய்ந்த ஆய்வு, குறிப்பாக விக்டோரியா மாநிலத்தில், அவற்றில் பெரும்பாலானவை கலப்பில்லாத டிங்கோக்களே என்று கண்டது. சில குறியிடங்களைப் பார்க்கும் சோதனை மலிவானது, பல வேலைகளுக்குப் போதுமானது. ஆனால் ஓர் உயிரைக் கொல்லலாமா காக்கலாமா என்பதை அதைக் கொண்டு முடிவு செய்யக் கூடாது.

அயல் ஊடுருவல் இனங்களின் பக்கம் வந்தால், இன்று மிக அதிகமாகப் பயன்படுவதும் மிக அதிகமாகத் தவறாகப் படிக்கப்படுவதும் சுற்றுச்சூழல் டிஎன்ஏ சோதனைதான். மீனும் தவளையும் தோல், சளி, கழிவு வழியாகத் தம் டிஎன்ஏவை நீரில் உதிர்க்கின்றன. ஊசியில்லாத பெரிய சிரிஞ்சில் ஆற்று நீரை உறிஞ்சி, ஒரு சிறிய வடிகட்டியின் வழியே கையால் அழுத்தி, மேற்கொண்டு அழுத்த முடியாதபடி வடிகட்டி அடைத்துக்கொள்ளும்வரை இதைச் செய்து, பாதுகாப்புத் திரவம் ஊற்றி ஆய்வகத்துக்கு அனுப்பினால், அந்த ஆற்றில் எவையெல்லாம் இருக்கக்கூடும் என்று ஒரு பட்டியல் திரும்பி வரும். நியூசிலாந்தில் பள்ளி மாணவர்கள்கூட இதைச் செய்கிறார்கள். பிரான்ஸின் குளங்களில் அமெரிக்கக் காளைத்தவளை ஊடுருவியிருப்பதை இந்த முறையில் கண்டறிந்த ஆய்வு 2008இல் வெளியானது. அதன் பிறகு இத்துறை வேகமாக வளர்ந்தது.

சிக்கல் எங்கே என்பதற்குச் சிகாகோவைப் பார்க்க வேண்டும். நம் ஊர்க் குளங்களில் ஆசையாக வளர்க்கும் வெள்ளிக் கெண்டையும் அதன் உறவான பெருந்தலைக் கெண்டையும் அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்று அமைப்பைச் சூறையாடிவிட்டு, சிகாகோ கால்வாய் வழியே ஐம்பெரும் ஏரிகளை நோக்கி நகர்ந்தன. அவற்றைத் தடுக்கக் கால்வாயில் மின்தடுப்பு ஒன்று அமைக்கப்பட்டிருந்தது. 2009இல் அந்தத் தடுப்புக்கு அப்பால் எடுத்த நீரிலும் கெண்டைகளின் டிஎன்ஏ தென்பட்டது. அந்தப் பதற்றத்துக்கிடையே, அவ்வாண்டு டிசம்பரில் தடுப்பைப் பராமரிப்புக்காக நிறுத்த வேண்டி வந்தபோது, கால்வாயின் ஒரு நீண்ட பகுதியில் ரோட்டினோன் நஞ்சு கலக்கப்பட்டது. செத்து மிதந்த பல்லாயிரக்கணக்கான மீன்களில் ஒரே ஒரு பெருந்தலைக் கெண்டை கிடைத்தது, அதுவும் தடுப்புக்குக் கீழே. அண்டை மாநிலங்கள் உச்ச நீதிமன்றம்வரை வழக்கைக் கொண்டுபோயின. பிறகு நடந்த விரிவான ஆய்வுகள், மீனே இல்லாமலும் அதன் டிஎன்ஏ அங்கே வந்து சேரலாம் என்று காட்டின. மீனைத் தின்ற பறவையின் எச்சம், சரக்குப் படகின் அடிப்பகுதி, மீன் கழுவிய நீர் கலக்கும் கழிவுநீர்க் குழாய் என்று அதற்குப் பல வழிகள் இருந்தன.

இதைக் கேட்டவுடன் அப்படியானால் அந்தச் சோதனையே பொய் என்று எதிர்ப்பக்கம் சாய்வதும் தவறு. 2010 ஜூனில், தடுப்புக்கு அப்பால், கால்யுமெட் ஏரியில் உயிருள்ள பெருந்தலைக் கெண்டை ஒன்று வலையில் சிக்கத்தான் செய்தது. கொரோனா காலத்தில் பிசிஆர் பாசிட்டிவ் என்றால் மூக்கில் வைரஸின் மரபுப்பொருள் இருக்கிறது என்று பொருளே தவிர, அந்த ஆள் இன்று நோயைப் பரப்புகிறார் என்று பொருளில்லை என்பதை நாம் எல்லோரும் கற்றுக்கொண்டோம். இங்கும் அதே கதைதான். ஓடும் நீரில் டிஎன்ஏ நாள்களிலோ வாரங்களிலோ சிதைந்துவிடும், ஆனால் அடிச்சேற்றில் நெடுங்காலம் தங்கும். ஆற்றில் அது உதிர்ந்த இடத்திலிருந்து வெகுதூரம் கீழே அடித்துச் செல்லப்படும். ஆகவே ஒரு பாசிட்டிவ் முடிவு வந்தால் செய்ய வேண்டியது, அதே இடத்தில் வேறொரு நாளில் மீண்டும் நீர் எடுப்பதும், மேலோடையில் எதுவரை அது தென்படுகிறது என்று பார்ப்பதும், வலையோ பொறியோ கொண்டு நேரில் தேடுவதும்தான்; உடனே நஞ்சை ஊற்றுவதன்று. நெகட்டிவ் முடிவைப் படிப்பதில் இன்னும் எச்சரிக்கை தேவை. குறைவான நீர், தவறான பருவம், அந்த இனத்தின் டிஎன்ஏவைப் பிடிக்காத பிரைமர் (தேடும் டிஎன்ஏவில் ஒட்டிக்கொள்ளும் சிறு இழை), ஒப்பீட்டுத் தரவுத்தளத்தில் அந்த இனமே பதிவாகாமல் இருத்தல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் உள்ளது இல்லாததாகத் தெரியும். தூய நீரை வடிகட்டிய வெற்று மாதிரி ஒன்றைக் கூடவே அனுப்பாத முடிவுப் பட்டியலை நான் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன், ஏனெனில் தென்பட்ட டிஎன்ஏ ஆற்றிலிருந்து வந்ததா, அதைச் சேகரித்தவரின் கையிலிருந்து வந்ததா என்பதை வேறு எப்படியும் சொல்ல முடியாது.

அடுத்தது, அரிய உயிர்களின் மரபணுப் பன்மையை மதிப்பெண் பட்டியல் போலப் படிப்பது. பன்மை குறைந்தால் அழிவு உறுதி, கூடினால் நலம் உறுதி என்ற எண்ணம் எளிதில் மனத்தில் ஒட்டிக்கொள்கிறது. கலிபோர்னியா வளைகுடாவில் பத்து அளவுக்கே எஞ்சியுள்ள வாக்கீட்டா என்ற சிறு கடற்பன்றியை எடுத்துக்கொள்வோம். அவற்றின் மரபணுத்தொகுதியை ஆராய்ந்த 2022ஆம் ஆண்டு ஆய்வு, இந்த இனம் பல்லாயிரம் ஆண்டுகளாகவே சிறு எண்ணிக்கையில், குறைந்த பன்மையோடு வாழ்ந்து வந்திருப்பதையும், அதனாலேயே தீங்கான மரபணு மாற்றங்கள் பெருமளவு வடிந்துபோயிருப்பதையும் கண்டது. வலைகளில் சிக்கிச் சாவது முற்றிலும் நின்றால் அது அழியும் வாய்ப்பு நூற்றுக்கு ஆறுதான் என்று ஆய்வாளர்களின் கணிப்பு சொன்னது. அதாவது அதன் எதிரி செவுள்வலை. நெருங்கிய உறவுக்குள் இனப்பெருக்கம் என்ற காரணத்தைச் சொல்லிக் கைகழுவ இடமில்லை.

நியூசிலாந்தின் ககாப்போ கிளி இதற்கு இன்னொரு முகம். பறக்க முடியாத, இரவில் நடமாடும் இந்தப் பருத்த கிளிகள் 1995இல் 51 மட்டுமே இருந்தன. ஏறத்தாழ எல்லாமே தெற்கில் உள்ள ஸ்டூவர்ட் தீவின் வழித்தோன்றல்கள். பெருநிலத்திலிருந்து மீட்கப்பட்டுச் சந்ததி விட்டது ரிச்சர்ட் ஹென்றி என்று பெயரிடப்பட்ட ஓர் ஆண் கிளி மட்டுமே. புது ரத்தம் என்பதால் அதன் குஞ்சுகள் பொன்னாக மதிக்கப்பட்டன, அது நியாயமும்கூட. ஆனால் 2021இல் அருங்காட்சியகத்தில் உள்ள பெருநிலப் பறவைகளையும் சேர்த்து ஆராய்ந்தபோது, பத்தாயிரம் ஆண்டுகளாகத் தனித்திருந்த தீவுப் பறவைகளிடம் தீங்கான மாற்றங்கள் பெருநிலப் பறவைகளைவிடப் பாதியளவே இருந்தன. ரிச்சர்ட் ஹென்றியின் வழி பன்மையையும் கொண்டுவருகிறது, கூடவே சுமையையும் கொண்டுவருகிறது. எந்த ஜோடி, எவ்வளவு கலப்பு என்பதைப் பறவை பறவையாகப் பார்த்தே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

கலப்பு தேவை என்று தெளிவாகத் தெரிந்த இடத்திலும் மரபணு ஆய்வோடு வேலை முடிந்துவிடுவதில்லை. ஒடிசாவின் சிமிலிபால் காட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட புலிகள் கருமை படர்ந்தவை. ஒரே மரபணுவில் ஏற்பட்ட மாற்றம்தான் காரணம் என்பதும், காடு தனிமைப்பட்டதால் அது அங்கே பெருகியது என்பதும் 2021இல் நிறுவப்பட்டன. வண்டலூர் உயிரியல் பூங்காவில் உள்ள கரும்புலிகளின் மூதாதையர் வழியும் அங்கேதான் போய்ச் சேர்கிறது. பன்மையைக் கூட்டுவதற்காக 2024 நவம்பரில் மகாராஷ்டிரத்தின் தடோபாவிலிருந்து ஜீனத் என்ற பெண்புலி கொண்டுவந்து விடப்பட்டது. அது சிமிலிபாலை விட்டு ஜார்க்கண்ட் போய், மேற்கு வங்கத்தில் புருலியாவைக் கடந்து, டிசம்பர் 29ஆம் நாள் பாங்குராவில் மயக்க ஊசி போட்டுப் பிடிக்கப்பட்டது. எந்தப் புலியைக் கொண்டுவரலாம் என்று மரபணு சொல்லும். அந்தப் புலி அங்கே தங்குமா என்று சொல்லாது.

தீவுகளில் எலி ஒழிப்பு செய்பவர்கள் விடும் பிழை மிகச் சாதாரணமானது, ஆனால் திருத்தவே முடியாதது. நஞ்சு வைப்பதற்கு முன் அங்குள்ள எலிகளின் வால் நுனிகளை ஆல்கஹாலில் எடுத்து வைக்காமல் விட்டுவிடுவார்கள். ஓராண்டு கழித்து ஓர் எலி தென்பட்டால், அது தப்பிப் பிழைத்ததா, படகில் வந்ததா என்று தெரிந்தாக வேண்டும். முன்னது என்றால் நஞ்சு வைத்த முறையில் ஓட்டை, பின்னது என்றால் படகுத்துறைக் காவலில் ஓட்டை. ஒப்பிடப் பழைய மாதிரி இல்லாவிட்டால் இரண்டுக்கும் செலவழிக்க வேண்டியதுதான். 2004இல் நியூசிலாந்து ஆய்வாளர்கள், எலியில்லாத மொட்டுஹொரோபாப்பா தீவில் ரேடியோ பட்டை கட்டிய ஒரே ஓர் ஆண் பழுப்பு எலியை வேண்டுமென்றே விட்டார்கள். பத்து வாரங்களில் அது காணாமல் போனது. நானூறு மீட்டர் கடலைத் தாண்டிய ஒட்டாட்டா தீவில் கிடைத்த எலிப்புழுக்கையின் டிஎன்ஏ, முன்பே எடுத்து வைத்திருந்த மாதிரியோடு பொருந்தியதால்தான் அதே எலி நீந்திப் போயிருக்கிறது என்று உறுதியானது. விட்டதிலிருந்து பதினெட்டாவது வாரத்தில், புதிய பென்குயின் இறைச்சி வைத்த பொறியில் அது சிக்கியது. ஒற்றை எலிக்கே இந்தப் பாடு.

மாதிரி யாருடையது என்ற கேள்வியைக் கடைசியில் கேட்பது இன்னொரு தவறு. ககாப்போக்களின் மரபணுத் தரவு இணையத்தில் திறந்து போடப்படவில்லை. மாவோரிகளின் நைத்தாஹு இனத்தாரும் பாதுகாப்புத் துறையும் அதன் காவலர்கள், அவர்களிடம் விண்ணப்பித்துத்தான் பெற முடியும். ஆய்வாளர்களில் சிலர் இதை இடையூறு என்று முணுமுணுப்பதுண்டு. இசைவை முதலில் பெற்ற திட்டங்களே நீடிக்கின்றன என்பதால் எனக்கு அந்த முணுமுணுப்பில் உடன்பாடில்லை.

இறுதியாக ஜீன் டிரைவ் என்ற மரபணுப் பொறியியல் உத்தி. ஒரு மரபணு பொதுவாகச் சந்ததியில் பாதிக்குப் போகும். ஜீன் டிரைவ் பொருத்தப்பட்டது ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் போகும். மலட்டுத்தன்மையை இப்படிப் பரப்பினால் நஞ்சில்லாமலே எலிகளை ஒழிக்கலாம் என்பது கனவு. எலி, மரநாய்க் குடும்பத்து வேட்டை விலங்குகள், போசம் என்ற மரமேறும் பைப்பாலூட்டி ஆகியவற்றை 2050க்குள் ஒழிப்போம் என்று 2016இல் அறிவித்த நியூசிலாந்தில் இந்தக் கனவுக்கு ஈர்ப்பு அதிகம். ஆனால் அங்கே காடழிக்கும் பகையாக உள்ள அதே பிரஷ்டெயில் போசம், ஆஸ்திரேலியாவில் தாயக விலங்கு, சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. கட்டுப்பாடின்றித் தானே பரவும் ஜீன் டிரைவைச் சுமக்கும் விலங்கு ஒன்று, யாரோ ஒருவரின் கைப்பெட்டியில் கடல் கடந்தால் போதும், அங்கே அந்த இனமே ஆபத்துக்குள்ளாகும். இந்த முறையை முன்வைத்தவர்களில் முதன்மையானவரான கெவின் எஸ்வெல்ட்டே, நியூசிலாந்தின் நீல் ஜெம்மலுடன் சேர்ந்து 2017இல் இந்த அபாயத்தை எழுதி எச்சரித்தார். ஓரிடத்தோடு நிற்கும் வகைகளை உருவாக்க, ஒழிப்பு நடக்கும் தீவின் விலங்குகளில் மட்டும் உள்ள மரபணு வேறுபாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு சிறு பங்கு விலங்குகளில் அது இல்லாமல் இருந்தாலும் அவை தப்பி, அவற்றின் சந்ததியே தீவை நிறைக்கும். ஊடுருவிய இனம் சில தாய்களிலிருந்து பெருகியதால் மரபில் எளியதாக இருக்கும் என்று எண்ணுவதும் இங்கே ஏமாற்றும். டாஸ்மேனியாவிலிருந்தும் ஆஸ்திரேலியப் பெருநிலத்திலிருந்தும் பலமுறை கொண்டுவரப்பட்ட போசங்கள் நியூசிலாந்தில் ஒன்றோடொன்று கலந்துவிட்டன என்பதை 2023இல் வெளியான அவற்றின் மரபணுத்தொகுதி காட்டியது.

காட்டில் விடத்தக்க ஜீன் டிரைவ் எந்தப் பாலூட்டிக்கும் இன்னும் இல்லை. அது வரப்போகிறது என்று சொல்லி, பொறிக்கும் நச்சுத் தூண்டிலுக்கும் ஒதுக்கும் பணத்தை இந்த ஆண்டே குறைப்பதற்கு எந்த ஆய்வும் அடிப்படை தரவில்லை. பறவைகள் முட்டையிடும் ஒரே ஒரு பருவத்தில் காவல் தவறினாலும் மரநாய்க்கும் எலிக்கும் அது போதும்.