யூனிஃபை கன்ட்ரோலர் ஓப்பன் ஆகலையா? அன்இன்ஸ்டால் பண்ணாதீங்க, மொதல்ல இத பாருங்க

யூனிஃபை வைஃபை பெட்டிகள கம்ப்யூட்டர்ல இருந்து செட் பண்ற சாஃப்ட்வேர்தான் யூனிஃபை கன்ட்ரோலர். போன மே மாசம், நல்ல சீசன் டைம்ல, ஏற்காட்டுல இருந்து ஒரு காட்டேஜ்காரர் போன் பண்ணாரு. "தம்பி, அந்த வைஃபை சாஃப்ட்வேர் தொறக்கவே மாட்டேங்குது, ஸ்டார்ட்டப் ஃபெயில்டுன்னு வருது, ஒரு எட்டு வந்துட்டு போயேன்"னாரு. சேலத்துல இருந்து 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய்ப் பாத்தா பத்து நிமிஷ வேலை. நீங்களே பண்ணிக்கலாம்.

பதறாதீங்க, கன்ட்ரோலர் நின்னா வைஃபை நிக்காது, ஆக்சஸ் பாயின்ட்ல (வைஃபை குடுக்கற பெட்டி) கடைசியா ஏத்துன செட்டிங் அப்படியே ஓடும், கெஸ்ட் போர்ட்டல் வச்சிருந்தா அந்த லாகின் பக்கம் மட்டும்தான் வராது.

ஸ்டெப் 1: விண்டோஸ்ல உங்க யூசர் ஃபோல்டருக்குள்ள "உபிக்விட்டி யூனிஃபை"னு ஒரு ஃபோல்டர் இருக்கும். அத முழுசா பென்டிரைவ்ல காப்பி போட்டுக்கோங்க. இது போச்சுன்னா ஒவ்வொரு ஆக்சஸ் பாயின்ட்டுக்கும் ஏணி போட்டு ஏறி ரீசெட் அமுக்கணும், நான் பட்டுருக்கேன்.

ஸ்டெப் 2: கம்ப்யூட்டர ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணுங்க. பழைய ஜாவாவோ (கன்ட்ரோலர ஓட்டறது) மாங்கோ டிபியோ (அதோட டேட்டாபேஸ்) பின்னாடி ஒட்டிக்கிட்டு இருந்தா போயிரும்.

ஸ்டெப் 3: இதுதான் முக்கியம். அதே ஃபோல்டர்ல லாக்ஸ்குள்ள சர்வர் லாக் ஃபைல நோட்பேட்ல தொறந்து நேரா கடைசிக்கு போங்க, மேல இருக்கறதெல்லாம் பழைய கதை. காட்டேஜ்காரர் ஆபீஸ்ல சிபியு மேல ஒரு மிளகு மூட்டை சாஞ்சு கெடந்துச்சு, அத நகத்திட்டு ஒக்காந்து பாத்தா, 8080 போர்ட்ட (ப்ரோக்ராம் நெட்வொர்க்ல பேசற வாசல் நம்பர்) வேற ப்ரோக்ராம் யூஸ் பண்ணுதுன்னு கடைசி வரியிலயே இருக்கு. யாருன்னு பாக்க ரிசோர்ஸ் மானிட்டர் தொறந்து நெட்வொர்க் டேப்ல லிசனிங் போர்ட்ஸ் பாருங்க, 8080க்கு நேரா பேரே இருக்கும். அங்க அது முந்தின வாரம் யாரோ போட்டுக் குடுத்த ரூம் பில்லிங் சாஃப்ட்வேர்.

சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸ் ஃபைல்ல யூனிஃபை போர்ட்டையே மாத்திக்கலாமேன்னு தோணும். மாத்தலாம்தான், ஆனா ஆக்சஸ் பாயின்ட் எல்லாம் கன்ட்ரோலர தேடி வர்றது 8080லதான், நீங்க மாத்துனா அதுங்க பழைய வாசல்லயே தட்டிக்கிட்டு நிக்கும். அதனால பில்லிங்க 8090க்கு மாத்துனேன், யூனிஃபை ஓடிருச்சு.

போர்ட் தகராறு இல்லன்னா டிஸ்க்ல எடம் இருக்கான்னு பாருங்க, நிரம்பிட்டா டேட்டாபேஸ் கெளம்பாது. வெர்ஷன் 7.5க்கு ஜாவா 17 வேணும், உங்க வெர்ஷனுக்கு எந்த ஜாவான்னும் ஒருக்கா செக் பண்ணிருங்க.

மழைக்கு கரண்ட் போய்ப் போய் வந்து அதுக்கப்புறம்தான் ஓப்பன் ஆகலைன்னா டேட்டாபேஸ் அடி வாங்கியிருக்கும், மாங்கோ லாக்ல தெரியும். அப்ப பேக்கப் ஃபோல்டருக்குள்ள ஆட்டோபேக்கப்ல கடைசி தேதி ஃபைல எடுத்து வச்சுக்கிட்டு, அதே வெர்ஷன புதுசா இன்ஸ்டால் பண்ணி, மொத ஸ்க்ரீன்லயே ரீஸ்டோர் குடுங்க. ஆட்டோபேக்கப் ஆன்லயே இல்லன்னா? ஏணிய தேடுங்க.