பழைய ஹைபிரிட் காரில் பிரேக் எச்சரிக்கை விளக்கு எரிந்தால்: குறையைக் கண்டறியும் முறை

பத்து ஆண்டுகளைத் தாண்டிய ஹைபிரிட் காரின் டாஷ்போர்டில் பிரேக் விளக்கு எரிந்தவுடன், பிரேக் பேட் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பட்டை) தேய்ந்திருக்கும் என்றுதான் பலரும் முதலில் நினைக்கிறார்கள். சாதாரணக் காரில் அந்த ஊகம் பெரும்பாலும் பொருந்தும். ஹைபிரிட்டில் வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பகுதியை மின் மோட்டாரே செய்துவிடுகிறது. சக்கரங்களின் சுழற்சி மின்சாரமாகி உயர் மின்னழுத்த பேட்டரிக்குத் திரும்பிப் போவதால், பேட்கள் நெடுங்காலம் உழைக்கின்றன. வயதான ஹைபிரிட்டில் முதலில் தளர்வது பேட் அல்ல, திரவ அழுத்தத்தை உண்டாக்கித் தேக்கி வைக்கும் பகுதி. எனவே எந்த உதிரிபாகத்தையும் மாற்றச் சம்மதிப்பதற்கு முன், அழுத்தமும் மின்னழுத்தமும் எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்த்துவிட வேண்டும். இவ்விரண்டையும் கார் உரிமையாளரே பெருமளவுக்குச் சோதித்துக்கொள்ளலாம்.

இந்த அமைப்பு இயங்கும் விதம் தெரிந்தால் சோதனைகளின் பொருள் தானே விளங்கும். 2003இல் வந்த இரண்டாம் தலைமுறை டொயோட்டா பிரியஸை எடுத்துக்கொள்வோம். அதில் நாம் பெடலை மிதிக்கும்போது, நம் கால் சக்கரத்தின் பிரேக்கை நேரடியாக அழுத்துவதில்லை. எவ்வளவு மிதித்தோம் என்பதைச் சென்சார்கள் அளக்கின்றன. அதில் எவ்வளவை மோட்டார் ஏற்கும், எவ்வளவைத் திரவ அழுத்தம் ஏற்க வேண்டும் என்று கட்டுப்பாட்டுக் கணினி பிரித்துக் கொடுக்கிறது. பெடலில் நமக்குத் தெரியும் எதிர்ப்பு உணர்வைக்கூட ஒரு தனிப் பாகம்தான் உண்டாக்குகிறது. திரவ அழுத்தத்தை மின்சார பம்ப் உருவாக்குகிறது. நைட்ரஜன் வாயு அடைத்த அக்யுமுலேட்டர் என்னும் கலன் அதைத் தேக்கி வைத்துக்கொள்கிறது. தேக்கிய அழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் பம்ப் தானாக ஓடி நிரப்பிவிட்டு நிற்கும்.

ஆகவே முதல் சோதனைக்கு நம் காதே போதும். சத்தமில்லாத இடத்தில் காரை நிறுத்தி, ஓட்டுநர் கதவைத் திறந்து பாருங்கள். இவ்வகைக் கார்களில் கதவு திறந்தவுடன் என்ஜின் அறையிலிருந்து சில விநாடிகள் மெல்லிய ரீங்காரம் கேட்கும். அது பம்ப் அழுத்தத்தை ஏற்றும் ஒலி, குறை அல்ல. பிறகு காரை ரெடி நிலைக்கு (ஓட்டத் தயாராக இருக்கும் நிலைக்கு) கொண்டுவந்து, கியரைப் பார்க்கிங்கில் வைத்து, பெடலிலிருந்து காலை முழுவதும் எடுத்துவிட்டு, ஏசி விசிறியையும் நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். என்ஜின் தானாக ஓடிக்கொண்டிருந்தால் அது அடங்கும் வரை பொறுங்கள். நலமான அமைப்பில் பம்ப் ஒருமுறை ஓடி நின்றபின் அமைதியாக இருக்க வேண்டும். பெடலைச் சிலமுறை மிதித்து விட்டால் மறுபடி ஓடும், அதுவும் இயல்பே. யாரும் பெடலைத் தொடாதபோதே சில விநாடிகளுக்கு ஒருமுறை பம்ப் ஓடி நின்று ஓடி நின்று கொண்டிருந்தால், தேக்கிய அழுத்தம் உள்ளே எங்கோ கசிகிறது என்று பொருள். இந்தக் கசிவில் ஒரு சொட்டு திரவம்கூட வெளியே வராது. தேய்ந்த வால்வு வழியாக உள்ளுக்குள்ளேயே திரும்பிவிடும். அதனால்தான் காருக்கு அடியில் குனிந்து பார்த்து, ஈரம் இல்லையே என்று நிம்மதி அடைபவர்கள் ஏமாந்துபோகிறார்கள். கைப்பேசியில் விநாடிகளை எண்ணி, இரண்டு ஓட்டங்களுக்கு இடைப்பட்ட நேரத்தைக் குறித்து வையுங்கள். மாதம் ஒருமுறை இதைச் செய்துவந்தால், அந்த இடைவெளி குறுகுவதை விளக்கு எரிவதற்கு முன்பே கண்டுகொள்ளலாம். வயதான ஹைபிரிட் வைத்திருப்பவருக்கு இதைவிடப் பயனுள்ள பழக்கம் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இனி விளக்குகள். சிவப்பு பிரேக் விளக்குக்கு மூன்று காரணங்கள் இருக்கலாம்: ஹேண்ட்பிரேக் முழுவதும் விடுபடவில்லை, திரவம் குறைந்திருக்கிறது, அல்லது அழுத்தமே போதவில்லை. மஞ்சள் நிற பிரேக் விளக்கு மின்னணுக் கட்டுப்பாட்டில் குறை என்கிறது. ஏ.பி.எஸ். விளக்கு மட்டும் தனித்து எரிந்தால், பெரும்பாலும் ஏதோ ஒரு சக்கரத்தின் வேகச் சென்சாரில் கோளாறு இருக்கும். வழக்கமான பிரேக் வேலை செய்யும், திடீரென அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் வசதி மட்டும் இருக்காது. எல்லா விளக்குகளும் ஒரே நேரத்தில் எரிவதுதான் பார்ப்பவரை மிகவும் அச்சுறுத்தும். அதற்குக் காரணம் சில சமயம் வெறும் 12 வோல்ட் பேட்டரியாக இருந்துவிடும். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காரை உயிர்ப்பிக்கும் கணத்தில் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் சில விநாடிகள் எரிந்து அணைய வேண்டும். அப்போது பிரேக் விளக்கு எரியவே இல்லையென்றால், குறையை மறைக்க யாரோ விளக்கையே முடக்கியிருக்கலாம்.

ஹேண்ட்பிரேக்கை ஒருமுறை முழுவதும் போட்டு விடுவித்துப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. பல ஹைபிரிட்களில் அது காலால் அழுத்தும் பெடலாக இருப்பதால், பாதியில் நின்றுவிடுவது அரிதல்ல.

பிரேக் திரவத்தைப் பார்ப்பதில் கூடுதல் நிதானம் தேவை. அக்யுமுலேட்டரில் அழுத்தம் நிரம்பியிருக்கும்போது திரவத்தின் ஒரு பகுதி அதற்குள் இருக்கும்; கார் நெடுநேரம் நின்று அழுத்தம் இறங்கியபின் அந்தத் திரவம் தொட்டிக்குத் திரும்பிவிடும். ஆகவே ஒரே கார் காலையில் உயர்ந்த அளவையும், ரெடி நிலையில் தாழ்ந்த அளவையும் காட்டக்கூடும். இரு நிலைகளிலும் பார்த்துவிட்டு, உங்கள் காரின் கையேடு எந்த நிலையில் அளக்கச் சொல்கிறதோ அதையே கணக்கில் கொள்ளுங்கள். அளவு உண்மையிலேயே குறைந்திருந்தால் உடனே ஊற்றி நிரப்புவது முறையல்ல. பேட் தேயத் தேயத் திரவம், பேட்டை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பருக்குள் இறங்கும். எனவே பேட் தடிமனையும், குழாய் இணைப்புகளில் கசிவு உண்டா என்பதையும் பார்த்த பிறகே ஊற்ற வேண்டும். மூடியில் எழுதியிருக்கும் வகையைத்தான் பயன்படுத்த வேண்டும். இந்தத் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. புதிய டாட் 3 வகை பிரேக் திரவத்தின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தர விதி; ஈரம் ஏறிய திரவத்துக்கு அது 140 டிகிரிதான். ஈரம் கொதிநிலையைக் குறைப்பதோடு, நுண்ணிய வால்வுகளையும் அரிக்கிறது. பேட் தேயவில்லை என்ற காரணத்தால் ஹைபிரிட் உரிமையாளர்கள் பிரேக்கை ஆண்டுக்கணக்கில் மறந்துவிடுகிறார்கள். திரவம் தேநீர் நிறத்துக்குக் கறுத்துப்போன பிறகுதான் மூடியைத் திறக்கிறார்கள்.

அடுத்தது 12 வோல்ட் பேட்டரி. காரை ஓட்டும் சக்தி பெரிய பேட்டரியிலிருந்து வந்தாலும், பிரேக் கணினியும் பம்பும் இந்தச் சிறிய பேட்டரியின் சுற்றில்தான் இயங்குகின்றன. என் காரில் ஒருநாள் காலை ஏ.பி.எஸ்., பிரேக், வழுக்கல் கட்டுப்பாடு என்று எல்லா விளக்குகளும் சேர்ந்து எரிந்தன. சக்கரங்களுக்குத் திரவ அழுத்தத்தைப் பிரித்து அனுப்பும் பிரேக் ஆக்சுவேட்டரையே மாற்ற வேண்டும் என்று ஒரு பணிமனையில் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தபோது முள் 11.6 வோல்ட்டைத் தாண்டவில்லை. பேட்டரியை மாற்றிய பிறகு அந்த விளக்குகள் எரியவே இல்லை. சில மணி நேரம் ஓய்ந்திருந்த நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் ஏறத்தாழப் பாதிதான் இருக்கிறது. பிறகு ரெடி நிலைக்குப் போகாமல் மின்சாரத்தை மட்டும் போட்டு முகப்பு விளக்குகளை எரியவிடுங்கள். அளவு விரைந்து சரிந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது. ரெடி நிலையில், பெரிய பேட்டரியின் மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் மாற்றி என்னும் கருவியிலிருந்து மின்சாரம் வருவதால் 14 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். அப்போதும் 12 அளவிலேயே நின்றால் குறை மாற்றியிலோ வயரிங்கிலோ இருக்கிறது. ஆரஞ்சு நிற உறை போட்ட கம்பிகளை மட்டும் எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள். அவற்றில் ஓடுவது இருநூறு வோல்ட்டும் அதற்கு மேலும், உயிரைப் பறிக்கும்.

இவ்வளவும் முடிந்த பிறகே ஸ்கேனர், அதாவது காரின் கணினிகளில் பதிவான குறைக் குறியீடுகளைப் படிக்கும் கருவி. மலிவான கருவிகள் பலவும் என்ஜின் குறியீடுகளை மட்டும் படித்துவிட்டு, குறை ஏதும் இல்லை என்று சொல்லிவிடும். பிரேக் குறியீடுகள் சி என்ற எழுத்தில் தொடங்குபவை. அவற்றைப் படிக்கும் கருவிதான் நமக்கு வேண்டும். படித்தவுடன் எண்களையும், குறை பதிவான கணத்தில் இருந்த வேகம் முதலிய விவரங்களையும் எழுதிக்கொள்ள வேண்டும். எழுதும் முன் அழிக்கச் சொல்லும் மெக்கானிக்கைத் தடுத்துவிடுங்கள், ஏனெனில் அழித்தால் தடயமும் போய்விடும். டொயோட்டா ஹைபிரிட்களில் சி1252 என்றால் பம்ப் அளவுக்கு மீறி நெடுநேரம் ஓடியது. சி1256 என்றால் அக்யுமுலேட்டரில் அழுத்தம் குறைவு. சி1391 என்றால் தேக்கிய அழுத்தம் அளவுக்கு அதிகமாகக் கசிகிறது. இவை பதிவாகி, பம்ப்பும் அடிக்கடி ஓடினால் உள்ளே கசிவு என்ற சந்தேகம் உறுதியாகிறது. சி1241 மின்னழுத்தக் குறைவைச் சொல்வது. அது இருந்தால் மறுபடியும் 12 வோல்ட் பேட்டரிக்கே திரும்புங்கள். சி0200, சி0205, சி0210, சி0215 ஆகியவை முறையே முன் வலம், முன் இடம், பின் வலம், பின் இடம் சக்கரங்களின் வேகச் சென்சார்களைக் குறிக்கும். சி1259, சி1310 ஆகியவை வந்தால் குறை பிரேக்கில் இல்லாமல் ஹைபிரிட் அமைப்பில் இருக்கலாம். அந்தக் கணினியின் குறியீடுகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இவற்றோடு, உங்கள் வண்டி எண்ணுக்குத் திரும்பப்பெறும் அறிவிப்பு ஏதேனும் நிலுவையில் உள்ளதா என்று தயாரிப்பாளரிடம் கேட்டுவிடுங்கள். அக்யுமுலேட்டரில் விரிசல் விழுந்து நைட்ரஜன் பிரேக் திரவத்தில் கலக்கக்கூடும் என்பதற்காக, 2013 ஜூனில் டொயோட்டா சுமார் 2,42,000 பிரியஸ், லெக்சஸ் ஹைபிரிட் கார்களைத் திரும்ப அழைத்தது.

சக்கரங்களைக் கழற்றிப் பார்ப்பதாக இருந்தால் ஓர் அபாயத்தை நினைவில் வைக்க வேண்டும். காலிப்பரைக் கழற்றி வைத்திருக்கும் நேரத்தில் யாராவது ஓட்டுநர் கதவைத் திறந்தால், அமைப்பு விழித்துக்கொண்டு பிரேக் குழாயில் அழுத்தம் ஏறக்கூடும். பிஸ்டன் வெளியே தள்ளப்படலாம், இடையில் விரல் இருந்தால் நசுங்கும். காரை அணைத்து, சாவியைத் தொலைவில் வைத்து, சில நிமிடங்கள் பொறுத்து, 12 வோல்ட் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிய பிறகே கை வைக்க வேண்டும். பேட் தடிமனாகவே இருந்தாலும் டிஸ்க்கில் துரு படிந்திருக்கிறதா, காலிப்பரின் நழுவு ஊசிகள் கையால் தள்ளினால் நகர்கின்றனவா என்று பாருங்கள். குறைவாகப் பயன்படும் பிரேக் தேய்வதில்லை, இறுகிப்போகிறது.

அக்யுமுலேட்டரில் அழுத்தம் அடியோடு போனாலும் இரண்டாம் தலைமுறைப் பிரியஸில் பிரேக் முற்றிலும் அற்றுவிடாது. நம் காலின் பலம் நேரடியாக முன்சக்கரங்களுக்குப் போகும்படி வால்வுகள் மாறிக்கொள்ளும். ஆனால் பெடல் ஆழமாக இறங்கும், வழக்கத்தைவிடப் பல மடங்கு பலமாக மிதிக்க வேண்டியிருக்கும், கார் நிற்க நெடுந்தொலைவு எடுக்கும். ஆகவே சிவப்பு விளக்கோடு எச்சரிக்கை ஒலியும் விடாமல் கேட்டாலோ, பெடலின் உணர்வு மாறினாலோ, காரை மெல்ல ஓரம் கட்டி நிறுத்தி இழுவை வண்டியை அழையுங்கள். வீடு பக்கம்தானே என்று ஓட்டிப் பார்க்கவே கூடாது.

பழுது பார்த்தபின் குழாய்களிலிருந்து காற்றை வெளியேற்றும் வேலையைப் பெடலை மிதித்து மிதித்துச் செய்யும் பழைய முறையில் விட்டுவிடாதீர்கள். வால்வுகளை வரிசைப்படி திறக்கத் தக்க ஸ்கேனர் இதற்குத் தேவை என்பதால், அது இருக்கிறதா என்று பணிமனையில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். காரைத் திரும்பப் பெறும்போது பார்க்கிங்கில் வைத்து, பெடலைத் தொடாமல், பம்ப் எவ்வளவு நேரம் அமைதியாக இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து, முன்பு குறித்து வைத்த எண்ணோடு ஒப்பிட்ட பிறகே பணத்தைக் கொடுங்கள்.