நீர் இறங்கும் கூழாங்கல் தரை: எந்த ரெசின், எத்தனை கிலோ?

கூழாங்கல்லை ரெசின் என்னும், இறுகிக் கெட்டியாகும் பசையில் பிசைந்து, வீட்டு முற்றத்திலோ கார் நிறுத்தும் இடத்திலோ 15 முதல் 20 மி.மீ. கனத்தில் பரப்பினால், மழைநீர் கற்களின் இடுக்கு வழியாக இறங்கிவிடும். முதலில் ரெசினைப் பூசி அதன்மேல் கல்லைத் தூவும் முறை இதுவல்ல. அதில் அடியில் இருக்கும் ரெசின் படலம் தண்ணீரை மறித்துவிடும். விலை கேட்கும்போதே எந்த முறை என்று தெளிவாகக் கேட்டுவிடுங்கள்.

ரெசின் குறைந்தால் கல் உதிரும் என்பது எல்லோருக்கும் தெரியும். கூடினால் தரை கெடும் என்பதைத்தான் பலர் நம்புவதில்லை. பொரி உருண்டைக்குப் பாகு சேர்ப்பது போன்ற வேலை இது: ஒவ்வொரு கல்லின் மேலும் மெல்லிய படலம், கல்லும் கல்லும் தொடும் இடத்தில் ஒரு பிடிப்பு, அவ்வளவு போதும். மிச்ச ரெசின் கல்லில் தங்காமல் வழிந்து அடியில் தேங்கும். சரியான அளவைப்போல் இரண்டு மடங்கு ஊற்றினால் 18 மி.மீ. தரையில் அடிப்பக்கம் சுமார் 5 மி.மீ. முழுதாக அடைபடும். மேலே பார்த்தால் துளைகள் திறந்தே இருக்கும், தண்ணீர் மட்டும் நிற்கும்.

முதலில் கல்லை அளக்க வேண்டும்

எத்தனை கிலோ ரெசின் என்பதைத் தீர்மானிப்பது கல்லின் மேற்பரப்பு. 6 மி.மீ. கூழாங்கல் ஒரு கிலோவுக்குச் சுமார் 0.38 சதுர மீட்டர் மேற்பரப்பு இருக்கும். 3 மி.மீ. கல்லில் அது 0.75. அதே கனத்தில் படலம் வேண்டுமானால் பொடிக்கல்லுக்கு இரு மடங்கு ரெசின் தேவை. அதனால் கல்லின் அளவைச் சொல்லாமல் சதுர அடிக்கு இவ்வளவு ரெசின் என்று யாராவது சொன்னால் அந்தக் கணக்கை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சோதனையைத் தொடங்க, கல்லின் எடையில் இந்த விகிதங்களை வைத்துக்கொள்ளலாம்: 6–10 மி.மீ. கல்லுக்கு 5%, 3–6 மி.மீ. கல்லுக்கு 6%, 1–3 மி.மீ. பொடிக்கல் கலந்ததற்கு 7%. தரையின் கனம், கலவையில் உள்ள பெரிய கல்லின் அளவைப்போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு இருக்க வேண்டும். 6 மி.மீ. கல்லானால் நடைபாதைக்கு 15 மி.மீ., கார் ஏறும் இடத்துக்கு 18 மி.மீ.

கடையில் பளபளவென்று விற்கும் தோட்டக் கூழாங்கற்களில் பல மெழுகோ எண்ணெயோ பூசி மெருகேற்றியவை. அவற்றில் ரெசின் ஒட்டாது. ஒரு கல்லில் தண்ணீர் விட்டுப் பாருங்கள். பரவாமல் முத்து முத்தாக நின்றால் அந்தக் கல் வேண்டாம். முழு உருண்டைக் கல் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளாது என்பதால், கார் திரும்பும் இடத்தில் கால் பங்காவது முனையுள்ள உடைகல் சிப்ஸ் கலப்பது நல்லது.

10 லிட்டர் பக்கெட்டில் கல்லை நிரப்பி, தட்டி இறுக்கி, எடை போடுங்கள். பொதுவாக 16 கிலோவை ஒட்டி வரும், அதாவது கனமீட்டருக்கு 1,600 கிலோ. 12 அடிக்கு 20 அடி உள்ள இடத்தை எடுத்துக்கொள்வோம். 240 சதுர அடி என்பது 22.3 சதுர மீட்டர். 18 மி.மீ. கனத்துக்கு 0.40 கனமீட்டர், 1,600-ஆல் பெருக்கினால் சுமார் 642 கிலோ கல். சேதாரத்துக்கு 10% கூட்டினால் 706. இதை 25 கிலோ மூட்டை 30 என்று வாங்கினால் (750 கிலோ), 6% கணக்கில் ரெசின் 45 கிலோ. ஒரு கலவைக்கு இரண்டு மூட்டை கல், 3 கிலோ ரெசின். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 18 சதுர அடி வரும், மொத்தம் 15 கலவை.

இந்தக் கணக்கைக் கவிழ்ப்பது பெரும்பாலும் அடித்தளத்தின் மேடுபள்ளம்தான். தளம் சராசரியாக 3 மி.மீ. தாழ்ந்திருந்தாலே 17% பொருள் கூடுதலாகப் போகும். ஆர்டர் போடுவதற்கு முன் 10 அடி மட்டக்கோலை வைத்துப் பல இடங்களில் இடைவெளியை அளந்து, சராசரியைக் கனத்தோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

மூன்று தட்டுச் சோதனை

ஓரடிச் சதுரத்தில், 18 மி.மீ. உயரச் சட்டம் மூன்று, அடியில் பிளாஸ்டிக் தாள். ஒவ்வொன்றுக்கும் 2.7 கிலோ கல். ரெசின் 5%, 6%, 7%, அதாவது 135, 160, 190 கிராம். கிராம் காட்டும் எடை மெஷினே வேண்டும், கண்ணளவு உதவாது. நன்றாக இறுகிய பிறகு தாளை உரித்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். கண்ணாடி போல ஒரே படலமாக இருந்தால் ரெசின் அதிகம். சாவி முனையால் நெம்பிக் கல் பெயர்ந்தால் குறைவு. கல் பெயராமலும் அடி திறந்தும் இருப்பதில் குறைந்த அளவே உங்கள் அளவு. வெயில் நாளில் ரெசின் இளகி எளிதாக வழியும் என்பதால், வேலை நடக்கப்போகும் அதே நேரத்தில், அதே வெயிலில் சோதிப்பது முக்கியம்.

எந்த ரெசின்

வெளித்தரைக்கு முதல் தேர்வு பாலியூரித்தேன் ரெசினில் அலிஃபாட்டிக் என்ற வகை. வெயிலில் மஞ்சளாகாது, விலை அதிகம். அதன் இன்னொரு வகையான அரோமாட்டிக் பாலியூரித்தேன் பிடிப்பில் குறையில்லாதது, ஆனால் புற ஊதாக் கதிரில் தேன் நிறத்துக்கு மாறும். வெள்ளை, சாம்பல் கற்களில் அது அசிங்கமாகத் தெரியும்; செம்பழுப்புக் கல்லில் அவ்வளவாகத் தெரியாது. அடர்நிறக் கல் போடுபவர் அந்தப் பணத்தை மிச்சப்படுத்தி அடித்தளத்தில் போடலாம் என்பதே எங்கள் கருத்து.

எபாக்சி என்ற வேறு வகை ரெசினை வெயில் படும் தரைக்கு நாங்கள் சொல்லமாட்டோம். மஞ்சளாகி மாவு பூத்துவிடும் என்பது ஒரு காரணம். சாதாரண வெப்பத்தில் இறுகும் எபாக்சிகளில் பல 50–60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும் என்பது அதைவிடப் பெரிய காரணம். சித்திரை வெயிலில் அடர்நிறத் தரை அந்தச் சூட்டை எட்டும், நின்ற இடத்திலேயே டயர் திரும்பினால் கல் பிடுங்கிக்கொண்டு வரும்.

டப்பாவில் ‘யூ.வி. ரெசிஸ்டன்ட்’ (புற ஊதாக் கதிரைத் தாங்கும்) என்று எழுதியிருப்பது போதாது. ரெசினோடு வரும் பாதுகாப்புத் தாளில், அதை இறுகவைக்கும் இரண்டாம் பாகமான ஹார்டனரின் பெயரைப் பாருங்கள். எம்.டி.ஐ. என்றிருந்தால் அரோமாட்டிக். எச்.டி.ஐ. அல்லது ஐ.பி.டி.ஐ. என்றிருந்தால் அலிஃபாட்டிக். கலக்கும் விகிதம் எடையிலா கொள்ளளவிலா, 35 டிகிரியில் எத்தனை நிமிடம் கையாளலாம் என்பதையும் கேளுங்கள். 25 டிகிரிக்குச் சொன்ன நேரம் 35-இல் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

தளமும் போடும் நாளும்

மேல்தரையில் எவ்வளவு துளை இருந்தாலும் கீழே சாதாரண கான்கிரீட் இருந்தால் தண்ணீர் அதோடு நின்றுவிடும். மணல் சேர்க்காத கான்கிரீட் போடுங்கள்: சிமென்ட் 1 பங்கு, முக்கால் இன்ச் ஜல்லி 6 பங்கு, ஜல்லியின் மேல் பசை ஒட்டும் அளவுக்கு மட்டும் தண்ணீர், கனம் 100 மி.மீ. அதற்குக் கீழே ஒன்றரை இன்ச் ஜல்லிப் படுகை. களிமண் நிலமானால் படுகையில் துளைக் குழாய் பதித்து மழைநீர் சேகரிப்புக் கிணற்றோடு இணைத்துவிடுங்கள். பழைய கான்கிரீட்டின் மேலேயே போடுவதானால் 80-க்கு 1 வாட்டமும், தாழ்ந்த ஓரத்தில் தண்ணீர் வெளியேற வழியும் தேவை. அதில் உள்ள விரிவு இணைப்புகளை மேல்தரையிலும் அதே இடத்தில் விட வேண்டும். மூடிவிட்டால் அந்தக் கோட்டிலேயே வெடிக்கும்.

பாலியூரித்தேனுக்கு ஈரம் எதிரி. ஹார்டனர் தண்ணீரோடு சேர்ந்தால் கரியமில வாயு உண்டாகி, ரெசின் நுரைத்து வெளுக்கும். கல்லைத் தூசி போகக் கழுவி, தார்ப்பாயில் பரப்பி, கிளறிக் கிளறிக் காயவைத்து மூட்டையில் கட்டுங்கள். பிறகு ஓரிரவு நிழலில் ஆறட்டும், ஏனென்றால் சுடும் கல் ரெசினை உடனே இறுக்கிவிடும். தளத்தில் பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி இரவு முழுக்க விடுங்கள். காலையில் அடியில் வியர்த்திருந்தால் வேலையைத் தள்ளிப்போடுங்கள். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம் இதற்கு ஆகாது. தை முதல் பங்குனி வரை, பனி உலர்ந்தபின் எட்டு மணிக்குத் தொடங்கினால் அன்று மாலை ஈரம் இறங்குவதற்குள் மேல்பரப்பு இறுக நேரம் கிடைக்கும்.

இரண்டு பாகத்தையும் மெதுவாகச் சுழலும் டிரில்லில் ஒரு நிமிடம் கலந்து, டப்பாவில் விட்டுவைக்காமல் கல்லின் மேல் ஊற்றி, மூன்று நிமிடம் பிசையுங்கள். எல்லாக் கலவைக்கும் ஒரே நேரம் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நிறம் திட்டுத்திட்டாகத் தெரியும். கரணையில் ஒட்டாமலிருக்கத் தண்ணீர் தொடவே கூடாது; வொயிட் ஸ்பிரிட்டைத் துணியில் நனைத்துத் துடைத்தால் போதும். அமுக்கி இறுக்கிய உடனே, ரெசின் ஈரமாக இருக்கும்போதே, வழுக்காமலிருக்க 0.5–1 மி.மீ. குவார்ட்ஸ் மணலை லேசாகத் தூவுங்கள். நைட்ரைல் கையுறையும் ஆவியை வடிகட்டும் முகமூடியும் கட்டாயம். ஹார்டனர் ஆவி மூச்சுக்குழலைப் பாதிக்கும், சித்தாளுக்கும் சேர்த்தே வாங்குங்கள்.

தரை போட்ட சில மாதங்களில் தண்ணீர் மெதுவாக இறங்கினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது தூசியையும் இலைச் சருகையும். விசிறி முனை வைத்த பிரஷர் வாஷரால் சாய்வாக அடித்துக் கழுவிப் பாருங்கள். அப்படியும் இறங்காவிட்டால் அடியில் ரெசின் தேங்கியிருக்கும், அதை மேலிருந்து திறக்க வழியில்லை. அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு மறுபடி போட வேண்டியதுதான். ஒட்டுப்போட்டது தனியாகத் தெரியாமலிருக்க, அதே லாட் கல்லில் ஒரு மூட்டையைக் காயவைத்துக் கட்டி வைத்திருங்கள். திறந்த ரெசின் டப்பாவைச் சேமித்து வைப்பதில் பயனில்லை, காற்றின் ஈரம் பட்டே ஹார்டனர் கெட்டுவிடும்.