இலைச்சாறு கேன்சர் செல்லைக் கொல்லுமா? சோதிக்கும் விதம்

செங்கோட்டைப் பக்கம் சுடுகாட்டு ஓரத்தில் மண்டிக் கிடக்கும் நித்தியகல்யாணிதான் வின்கிறிஸ்டின் என்ற கேன்சர் மருந்தைத் தந்தது, அதனால் ப்ராஜெக்டுக்குச் செடி தேடுபவர்களுக்கு ஆசை வருவது நியாயம்தான். ரிசர்வ் காட்டுக்குள் பறிக்க வனத்துறை அனுமதி வேண்டும். வரப்பில் கிடைப்பதே போதும்.

தாவரவியல் தெரிந்தவரிடம் காட்டிப் பெயரை உறுதி செய்துவிட்டு, இலையை நிழலில் உலர்த்துங்கள் (சாரல் மாதத்தில் பூஞ்சை பிடித்தால் தூக்கிப் போடுங்கள், அதன் நஞ்சும் செல்லைக் கொல்லும்). மெத்தனாலில் ஊறவைத்து, வடிகட்டி, முழுக்க ஆவியாக்கி, டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரையுங்கள். செல்லின் மேல் டிஎம்எஸ்ஓ 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

அப்புறம் எம்டிடி என்ற மஞ்சள் சாயத்தை வைத்துச் செய்யும் சோதனை. 96 குழித் தட்டில் கேன்சர் செல்களை வளர்த்து, சாற்றைப் பல அளவுகளில் விட்டு, 48 மணி நேரம் கழித்து எம்டிடி சேர்த்தால் உயிருள்ள செல் மஞ்சளை ஊதாவாக்கும். அந்த ஊதா எவ்வளவு அடர்த்தி என்று 570 நானோமீட்டர் ஒளியில் அளந்துகொள்ளுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான்: பாலிஃபீனால் நிறைந்த சாறு, செல்லே இல்லாவிட்டாலும் ஊதாவாக்கிவிடும், செத்த செல்லெல்லாம் உயிரோடு இருப்பதுபோல் தெரியும். அதனால் செல் இல்லாத சில குழிகளில் சாறும் எம்டிடியும் மட்டும் விட்டுப் பாருங்கள்.

ஒப்பிட டாக்ஸோரூபிசின் என்ற கேன்சர் மருந்து ஒரு வரிசை, சாதாரண செல் ஒரு தட்டு. இரண்டு வகைச் செல்லும் ஒரே அளவில் செத்தால் அது வெறும் விஷம், அரளியும் அதைச் செய்யும்.